மாப்பிள்ளை நேராக உட்கார்ந்ததால் வந்த வினை

மேலப்பாளையம்,
1912, அக்டோபர்.

கொழும்பு புறக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்து, அல்லாஹ்வின் அருளால் சொந்தபந்தம் எல்லாருக்கும் கைகொடுத்து வருகிற என் பெரிய மச்சான் ஜனாப் உமர் பாரூக் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜுபைதா பீவியின் புருஷன் ஷேக் கனி மரியாதையுடன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கையும் பிள்ளைகளும் சுகம். பசுமாடு சுகம். மகளின் கலியாணத்துக்கே வரவிடாமல் தங்களைப் படுக்கையில் போட்ட அந்த முறிந்த கால் கூடிவிட்டதா, கட்டுப் பிரித்துவிட்டார்களா, ஊன்றி நடக்கிறீர்களா என்று அறிய வீடே காத்திருக்கிறது. குதிரையின் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிற தாங்கள் இந்தத் தடவை ஸலாம் சொன்ன கையோடு, "என் மகளைக் கட்ட வந்த மாப்பிள்ளையை எவன் வீட்டில் கொண்டுபோய் இறக்கினீர்?" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அந்த வரியை உங்கள் தங்கை மனப்பாடம் செய்துகொண்டு எனக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் சேர்த்துப் பரிமாறுகிறாள். தூத்துக்குடியில் கப்பல் ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தங்களிடம் சொல்லியிருப்பார்கள். எல்லாம் பொய். நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் கடிவாளம் என் கையில் இருந்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் இருந்தது.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. மேலப்பாளையத்தில் இன்றைக்கு மீசை வைத்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் என் குதிரை பாதுஷாவின் முதுகில் ஏறித்தான் பெண்வீட்டுக்குப் போனவர்கள். வாடகை என்று ஒருவரிடமும் கை நீட்டியது கிடையாது. குதிரைக்குப் பட்டு விரித்து, நெற்றியில் சரிகை கட்டி, நானே அத்தர் பூசிக்கொண்டு முன்னால் பிடித்துக்கொண்டு போவேன். மாப்பிள்ளையைப் பார்க்கிறவர்கள் என்னையும் பார்ப்பார்கள். அவ்வளவுதான் நான் இந்த ஊரிடம் எதிர்பார்த்தது. அது பொறுக்காமல்தானே என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற என் சாச்சா மகன் ஹாஜா பெங்களூர்க் குதிரைப் பட்டாளத்திலிருந்து விலகி, பிஜிலி என்று ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையையும் ஓட்டிக்கொண்டு போன வருஷம் ஊருக்குத் திரும்பி வந்தான். வந்தவன் பேசாமல் இருந்திருக்கலாம். தச்சநல்லூர் ஜவுளி அண்ணாச்சி ஒருவர் தன் மகன் கலியாண ஊர்வலத்துக்குக் குதிரை கேட்க, இவன் பிஜிலியைக் கொடுத்து, மாப்பிள்ளையை ஏற்றுகிறதற்கு முந்தித் தானே ஏறி அந்தக் கடைவீதியில் ஒரு வேடிக்கை காட்டியிருக்கிறான். குதிரை முகம் வடக்கே பார்த்திருக்க, உடம்பு கிழக்கே போகிறது! முன்னங்கால் முன்னங்காலைத் தாண்டி, பின்னங்கால் பின்னங்காலைத் தாண்டி, நண்டு மாதிரி, ஆனால் நண்டுக்கு இல்லாத ஒரு கம்பீரத்தோடு, இந்தக் கடை வாசலிலிருந்து அந்தக் கடை வாசலுக்குப் பைய நடந்து போனதாம். இவன் கையை அசைக்கவில்லையாம், வாயைத் திறக்கவில்லையாம். சும்மா உட்கார்ந்திருந்தானாம்.

எனக்குப் பொறாமை என்று ஊரில் பேசிக்கொள்ளுகிறார்கள். எனக்கு என்ன மச்சான் பொறாமை? குதிரை என்றால் முன்னால் போகவேண்டிய பிராணி. பக்கத்தில் போய் எந்த ஊருக்குப் போய்ச் சேர முடியும்? முக்கூடல் சந்தைக்குப் பக்கவாட்டில் போனால் சந்தை கலைந்த பிறகுதான் போய்ச் சேரலாம். இதை நான் பள்ளிவாசல் வாசலில் நின்று நாலு பேரிடம் நியாயமாக எடுத்துச் சொன்னேன். அவர்கள், "ஆமா கனி, நீரு சொல்லுதது சரிதான்" என்று தலையாட்டிவிட்டு நேரே ஹாஜா வீட்டுக்குப் போய் அவரவர் வீட்டுக் கலியாணத்துக்குப் பிஜிலியைக் கேட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு முகம் வழிக்கிற நாவிதன் ஒரு பக்கத்துக் கன்னத்தை முடித்துவிட்டு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஹாஜா புராணம் பாட ஆரம்பித்து, மறு கன்னத்தை மறந்தே போனான். எல்லாவற்றுக்கும் மேலே, சொந்த மச்சான் தாங்களே, கப்பலில் வந்த ஆளிடம், "மகள் பாத்து கலியாணத்துக்கு ஹாஜாவின் குதிரையைச் சொல்லிவையுங்கள்" என்று சொல்லியனுப்பினீர்கள். அதைக் கேட்ட அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. காரணம் கேட்ட உங்கள் தங்கையிடம் வயிறு சரியில்லை என்றேன். அவளோ ஓமத்தண்ணீர் கொடுத்தாள்.

அப்போதுதான் முடிவுசெய்தேன். பாதுஷாவும் பக்கத்தில் நடக்கவேண்டும். பிஜிலியை விட அழகாக நடக்கவேண்டும்.

ஆற்று மணலுக்குத் தினமும் அஸர் தொழுத பிறகு குதிரையை ஓட்டிக்கொண்டு போனேன். வலது பக்கம் போகவேண்டும் என்றால் வலது கடிவாளத்தை இழுக்கவேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இழுத்தேன். பாதுஷா கழுத்தை மட்டும் திருப்பி என் முழங்காலை மோந்து பார்த்துவிட்டு, செக்கைச் சுற்றுகிற மாடு போல ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. எனக்குத் தலை சுற்றித் தண்ணீரில் இறங்கினேன், குதிரையோடு. பிறகு, முன்னால் வழி இல்லாவிட்டால் பக்கத்தில்தானே போயாகவேண்டும் என்று யோசித்து, ஒரு தோப்பின் மதிலுக்கு நேரே மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்தினேன். அது மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி உள்ளே இருந்த வாழை இலையைத் தின்றது. தோப்புக்காரர் தாணுமாலையப் பிள்ளை ஓடிவந்து, "ஓய் பாய், குதிரைக்கு விருந்து வைக்க என் தோப்புதான் கெடச்சுதா வே?" என்று கத்தினார். குதிரையைப் பராமரிக்கிற சுடலையாண்டியை விட்டுப் பக்கத்திலிருந்து தள்ளச் சொன்னேன். அவன் தள்ளினான். குதிரை அவன் பக்கமாகவே சாய்ந்து, அவன் கால்மேல் தன் காலை வைத்துக்கொண்டு சுகமாக நின்றது. சுடலையாண்டி அதற்கப்புறம் நொண்டிக்கொண்டே சொன்னான், "மொதலாளி, இது போகாது. நாமதான் போகணும்."

இதற்கு வழி சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் தங்கைதான். ராத்திரி அல்ல, பட்டப்பகலில், அரிசி புடைத்துக்கொண்டே சொல்லுகிறாள்: "நீங்க கையால கேக்குதிய. ஹாஜா மச்சான் காலால கேக்குதாவ. வலப்பக்கம் போவணும்னா இடது குதிங்காலைக் கொஞ்சம் பின்னால கொண்டுபோயி விலாவுல பைய அழுத்துதாவ. குதிர ஒரு எட்டு வெச்சதும் அழுத்தத்த விட்டுருதாவ. மறுபடி அழுத்துதாவ, விட்டுருதாவ. எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கத்து இடுப்புல கொஞ்சம் கனத்தப் போட்டு உக்காருதாவ. கடிவாளம் சும்மா, கழுத்து ரொம்ப வளைஞ்சிராமப் பாத்துக்கிடத்தான்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உம்மா வீட்டுக்கு வண்டியில போறப்ப தட்டி வழியாப் பாத்தேன்."

மச்சான், எனக்கும் அவளுக்கும் நிக்காஹ் ஆகி மூத்த பிள்ளைக்கு மீசை அரும்புகிறது. இத்தனை காலத்தில் என் குதிங்கால் எங்கே இருக்கிறது, எப்போது அழுத்துகிறது, எப்போது விடுகிறது என்று இவள் ஒரு நாளாவது பார்த்திருப்பாளா? கடையிலிருந்து நான் நொண்டிக்கொண்டு வந்தால் கூட, "வாசல்ல செருப்பக் கழத்திப் போடுங்க" என்பாள். ஹாஜாவின் கால் மட்டும் வண்டித் தட்டி வழியாக அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தங்களிடம் இதை முறையிடவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனாலும் சொன்னது பலித்தது. முதலில் அழுத்தினேன், விட மறந்தேன். பாதுஷா பின்னங்காலை உதறி என்னை மணலில் போட்டது. அடுத்த தடவை அழுத்தினேன், ஒரு எட்டு பக்கத்தில் வைத்ததும் உடனே விட்டேன். அது காதைத் திருப்பி, 'இதைத்தானா இத்தனை நாள் கேட்டே?' என்பது போல ஒரு பார்வை பார்த்தது. மறுபடி அழுத்தினேன். இன்னொரு எட்டு. இடதுகால் வலதுகாலைத் தாண்டி அழகாக விழுந்தது. நான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன் மச்சான். நாளாக ஆக, காலை அழுத்தவேண்டிய அவசியம் கூட இல்லாமல் போனது. நான் இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி உட்கார்ந்தாலே போதும், அது வலப்பக்கம் புறப்பட்டுவிடும். ஹாஜா கூட இந்த அளவுக்குப் பழக்கியிருக்க மாட்டான் என்று எனக்குள் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பில்தான் தங்கள் சொல்லைக் கொஞ்சம் மாற்றிப் புரிந்துகொண்டேன். ஹாஜாவிடம் போய், "மாப்பிள்ளை வீட்டார் நம்ம பாதுஷாதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ" என்றேன். அவன் முகம் சுளிப்பான் என்று காத்திருந்தேன். அவனோ, "அது ரொம்ப நல்லதுல்லா காக்கா! நம்ம குடும்பத்துக் குதிரதானே" என்று சிரித்தான். என்ன சிரிப்பு அது! அன்றைக்கும் நான் சாப்பிடவில்லை.

இனி கலியாண நாள். மாப்பிள்ளை சிந்தாமதாரைத் தாங்கள் நேரில் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். நல்ல பிள்ளை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் முதுகெலும்பு இருக்கிறதே, அது எலும்பு இல்லை, கூரை தாங்குகிற பனங்கை. உட்கார்ந்தாலும் நிமிர்ந்து உட்காருவார், சாப்பிட்டாலும் நிமிர்ந்து சாப்பிடுவார், தும்மினாலும் குனியமாட்டார். அஸருக்குப் பிறகு தஃப் முழங்க, பைத்துப் பாட, அவரைப் பாதுஷாமேல் ஏற்றினோம். ஏறினவர் நெஞ்சை விரித்து, தோளைப் பின்னுக்குத் தள்ளி, சேணத்தின் நடுமத்தியில் ஆணி அடித்தது மாதிரி உட்கார்ந்தார். நான் முன்னால் கடிவாளத்தைப் பிடித்து, "பிஸ்மில்லாஹ்" என்று காலெடுத்து வைத்தேன். நான் முன்னால் போனேன். குதிரை வலப்பக்கம் போனது.

ஜனங்களுக்கு முதலில் சந்தோஷம். "ஏலே, கனியண்ணன் குதிரையும் ஆடுதுலே!" என்று ஒரே ஆரவாரம். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கும் சந்தோஷம். கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்து, இது என் ஏற்பாடு என்கிற மாதிரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். அதற்குள் தெருவின் அகலம் முடிந்து ஓரம் வந்துவிட்டது. ஓரத்தில் நெசவுக்காரர்கள் பாவு விரித்திருந்தார்கள். பாதுஷா நிற்கவில்லை. ஒரு காலைத் தூக்கிப் பாவுக்கு அந்தப் பக்கம், இன்னொரு காலை இந்தப் பக்கம் என்று அவ்வளவு நூலையும் காலில் சுற்றிக்கொண்டு நடந்தது. நெசவுக்காரர்கள் ஐயோ என்கிறார்கள், தஃப் அடிக்கிறவர்கள் அதைக் கேட்டு இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். கடிவாளம் என் கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளை பயத்தில், "ஹால்ட்!" என்று பள்ளிக்கூடத்துக் குரலில் உத்தரவு போட்டார். ஊர்வலம் முழுக்க நின்றது. குதிரை மட்டும் நிற்கவில்லை. பயம் கூடக் கூட அவர் இன்னும் நேராக நிமிர்ந்தார், அவர் நிமிர நிமிர அது இன்னும் வேகமாகப் பக்கத்தில் போனது. போய், சந்து திரும்பி, திறந்து கிடந்த ஒரு பெரிய வாசலுக்குள் அப்படியே பக்கவாட்டில் நுழைந்து, முற்றத்தின் நடுவில், பிஜிலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆமாம் மச்சான். ஹாஜா வீடு.

கலியாணத்துக்குப் புறப்பட்டுச் சட்டையில் ஒரு கையை நுழைத்துக்கொண்டிருந்த ஹாஜா, மறு கையை நுழைக்காமலே ஓடிவந்தான். பின்னாலேயே ஊரும் வந்து சேர்ந்தது. ஹாஜாவுக்குக் கலியாண வயசில் ஒரு பெண்பிள்ளை இருப்பது தங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான், கூட்டத்தில் எவனோ ஒருவன், "குதிரையே மாப்பிளைக்குப் பொண்ணு பாத்துட்டு வே!" என்றான். சிரிப்பு. சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் வாப்பா, முகம் கறுத்துப்போய், "இது என்ன கூத்து? எம் பிள்ளைய எங்கன கொண்டாந்து விட்டிருக்கீரு? ஒமக்குப் பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லைன்னா நேரச் சொல்லும், இப்பமே திரும்பிப் போயிருதோம்" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அங்கே நம் பாத்து மருதாணிக் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். தாங்கள் கொழும்பில் கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிறீர்கள். நான் இங்கே மாப்பிள்ளையை அடுத்தவன் வீட்டில் இறக்கிவிட்டு நிற்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போகத் தயாராக இருந்தேன்.

அப்போது ஹாஜா என்ன செய்தான் தெரியுமா? சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்கிடாதீங்க. தப்பு என்பேர்ல. மாப்பிளை போற வழியில இந்த மாமு வீட்டுல ஒரு வாய் சர்பத் குடிச்சிட்டுப் போவணும்னு நான்தான் கனி காக்காகிட்டக் கெஞ்சிக் கேட்டிருந்தேன். ஒங்ககிட்டச் சொல்ல மறந்துட்டாவ போல" என்றான். சொன்னதோடு நிற்காமல் வீட்டுக்குள் குரல் கொடுத்து, நன்னாரி சர்பத்தை அண்டா நிறையக் கரைத்து வரவழைத்து, மாப்பிள்ளையிலிருந்து தஃப் அடிக்கிறவன் வரைக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டான். பாவு அறுந்த நெசவுக்காரர்களுக்கும் கொடுத்தான். சம்பந்தி இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "நல்ல மரியாதக்காரக் குடும்பமாத்தான் இருக்கு" என்றார். என்னைப் பார்த்து இல்லை, ஹாஜாவைப் பார்த்து. அந்த சர்பத்தை எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினான். என் மானத்தைக் காப்பாற்றினவன் கையால் வாங்கிக் குடிக்கிற சர்பத் எப்படி இருக்கும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். இனிப்பாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காக்கா, நீங்க கொஞ்சம் ஏறி உக்காருங்க" என்றான். ஏறினேன். பாதுஷா அசையாமல் நின்றது. என் முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தான், முன்பக்கம் வந்து பார்த்தான். "காக்கா, கடையில நீங்க இடக்கையைத் திண்டுல ஊனி உக்காருவியல்லா?" "ஆமா." "குதிரமேலயும் அப்படித்தான் உக்காந்திருக்கிய. கனம் முழுக்க இடப்பக்கம். அது இந்தக் கோணல்தான் நேர்னு படிச்சு வெச்சிருக்கு. வலப்பக்கம் போகச் சொல்லி நீங்க நகந்து உக்காந்தா, அப்பத்தான் நடுவுக்கே வாரிய. அதனால நடுவுல நேரா ஒருத்தர் உக்காந்தா, வலப்பக்கம் போன்னு அர்த்தம் பண்ணிக்கிடுது. மாப்பிளை பேர்லயும் தப்பு இல்ல, குதிர பேர்லயும் தப்பு இல்ல." யார் பேரில் தப்பு என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

அதற்கு ஒரு வைத்தியமும் செய்தான். தன் தோள் துண்டை நாலாக மடித்து மாப்பிள்ளையின் வலது தொடைக்குக் கீழே வைத்தான். மாப்பிள்ளை இடப்பக்கம் சாய்ந்தார். "நேரா உக்காரத்தான், மாமு, எங்களுக்குப் படிச்சுக் குடுத்திருக்கு" என்று அவர் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள் கோணலா இருங்க மாப்ள, நாளையிலயிருந்து ஒங்க இஷ்டம்" என்றேன். ஹாஜா பிஜிலியை அவிழ்த்து, தான் ஏறாமல் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். மரியாதைக்காகவாம். பாதுஷா அதன் பின்னால் நூல் பிடித்த மாதிரி நேராக நடந்தது. இப்போது யாரைப் பார்க்கும் ஜனம்? முன்னால் போகிற சாம்பல் குதிரையைத்தான். நான் பின்னால், காலில் சுற்றின பாவு நூலைப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். என் மேலிருந்த அத்தர் வாசனை கூட யாருக்கும் எட்டியிருக்காது.

இத்தோடு முடிந்ததா? இல்லை. தங்கள் வீட்டு வாசலை அடைந்தபோது மாடியில் தட்டிக்குப் பின்னால் பெண்டுகள் நின்று பார்த்திருக்கிறார்கள். குதிரை நேராக வருகிறது. மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறார். பெண்ணைப் பெற்ற ஜமீலா மைனி ஒரே அலறலாக, "அல்லாவே! மாப்பிளைக்கு இடுப்புல ஏதோ கோளாறுல்லா! ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்காவளே! எம் புருஷன் ஊருல இல்லாத நேரம் பாத்து நொண்டி மாப்பிளையக் கொண்டாந்துட்டாவளே!" என்று மாரில் அடித்துக்கொண்டு கீழே இறங்கி, பெண் இருந்த அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். உங்கள் தங்கை வெளியே நின்று, "மைனி, அது துண்டு மைனி, துண்டு!" என்று கதவைத் தட்டுகிறாள். "துண்டாப் போச்சா? எலும்பா?" என்று உள்ளே இன்னும் பெரிய அழுகை. சம்பந்திக்கு இது காதில் விழுந்து மறுபடி முகம் கறுத்தது. இந்தத் தடவை சர்பத் தீர்ந்துபோயிருந்தது.

அப்போது மாப்பிள்ளைதான் காப்பாற்றினார். பொசுக்கென்று குதிரையிலிருந்து குதித்து, தலைப்பாகையைச் சரிசெய்து, முற்றத்தின் நடுவில் வந்து நின்று, தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டு டிரில் செய்ய ஆரம்பித்தார். "லெப்ட், ரைட்!" ஜரிகைத் தலைப்பாகையும் கழுத்து நிறைய மாலையுமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிறார், திரும்புகிறார், குனிந்து கால் விரலைத் தொடுகிறார், ஒற்றைக் காலில் நிற்கிறார், இந்தக் காலில் முடித்து அந்தக் காலில் நிற்கிறார். ஹஜ்ரத் நிக்காஹ் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். தாழ்ப்பாள் போட்ட அறை ஜன்னலிலிருந்து திடீரென்று ஒரு சிரிப்பு கேட்டது. அது நம் பாத்து. அடக்க முடியாமல் சிரித்திருக்கிறாள். பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது: "உம்மா, எலும்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. கதவத் தொறங்க." கதவு திறந்தது. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் இரண்டும் சந்தோஷமாக இருக்கின்றன. மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை கொஞ்சம் சாய்ந்துகூட உட்கார்ந்திருந்தார், பாத்து பக்கமாக.

இவ்வளவுதான் மச்சான் நடந்தது. மானம் போகவில்லை, கலியாணம் நிற்கவில்லை. ஆனால் என் வயிற்றெரிச்சலுக்கு மருந்து இல்லை. ஏனென்றால் போன வாரம் நடந்த இன்னொரு கலியாணத்தில், மாப்பிள்ளை போகிற வழியில் தானாகவே ஹாஜா வீட்டு முற்றத்தில் நின்று சர்பத் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டால் அது இந்த ஊர்ப் பழைய வழக்கமாம்! ஒரு கிழவர் தன் கலியாணத்திலும் அப்படிக் குடித்ததாகச் சத்தியம் செய்கிறார். அவர் கலியாணத்தின்போது ஹாஜாவின் வாப்பாவே பிறக்கவில்லை. பாதுஷா பாடுபட்டுப் பக்கவாட்டில் நடந்து உண்டாக்கின வழக்கம், பேர் மட்டும் ஹாஜாவுக்கு.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனிமேல் குதிரை விவகாரமே வேண்டாம். கடையில் திண்டை எடுத்துவிட்டு நேராக உட்காரப் பழகுகிறேன், முதுகு வலிக்கிறது. பாதுஷாவை ஹாஜாவிடமே பழக்கக் கொடுத்துவிட்டேன். மனசில் ஒரு துளிப் பொறாமை இல்லை. யார் குதிரை எந்தப் பக்கம் போனாலும் ஷேக் கனி இனித் தலையைத் திருப்பிப் பார்க்கப்போவதில்லை. இதைத் தங்கள் தங்கைமேல் ஆணையிட்டுச் சொல்லுகிறேன், அவளும் பக்கத்தில்தான் இருக்கிறாள், சிரிக்கிறாள்.

தங்கள் கால் சீக்கிரம் குணமாக ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். கடையில் உள்ள பிள்ளைகளுக்கு எங்கள் ஸலாம். ஜமீலா மைனி தங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார்கள். அதில் என்னைப் பற்றி வருவதைப் பாதியாகக் குறைத்துப் படிக்கவும். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், வியாபாரத்தில் பரக்கத்தையும், இந்த மச்சான்மேல் பழைய அன்பையும் தந்தருள்வானாக, ஆமீன்.

தங்கள் பிரியமுள்ள,
ஷேக் கனி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் ஹாஜா வந்தான். பிஜிலி சினையாக இருக்கிறதாம், நாலு மாசம் ஆகிறதாம். சுற்றுவட்டாரத்தில் நம் பாதுஷாவைத் தவிர வேறே ஆண்குதிரை இல்லை. ஆகக் கலியாணத்துக்கு ரொம்ப முந்தியே அதற்கு அந்த வீட்டுக்கு வழி தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு அது அவன் வீட்டுக்குள் போனது என் கோணலாலா, வேறே காரணத்தாலா என்று கேட்டேன். "நான் அன்னைக்கே நெனச்சேன் காக்கா. ஊருக்கு முன்னால ஒங்க குதிரயக் கேலி பண்ணிருவாவளேன்னுதான் துண்ட மடிச்சேன். பிஜிலியையும் அதுக்குத்தான் முன்னால விட்டேன்" என்கிறான். ஆக மேலே நான் எழுதின கால், இடுப்பு, கனம், கோணல் எல்லாவற்றையும் தாங்கள் படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். விஷயம் அதோடு போகவில்லை. பிறக்கப்போகிற குட்டியை நம் பாத்துவுக்குக் கலியாணச் சீராகக் கொடுக்கப்போகிறானாம்! என் குதிரையின் குட்டி, அவன் பேரில் சீர்! அதற்கு முந்தி நான் ஏதாவது பெரிதாகக் கொடுத்தாக வேண்டும். கண்டிப் பக்கம் பழக்கின யானைகள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து உடனே விசாரித்து, நல்லதாக ஒன்றுக்குச் சொல்லிவைக்கவும். அது பக்கவாட்டில் நடக்குமா என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதவும்.